ஆறு ஆண்டுகள் அலமாரியில் நின்ற டி-34/85: வண்ணப்பூச்சும் வெதரிங்கும் (உழைத்துப் பழகிய தோற்றம் தரும் வேலை) எப்படித் தாங்கின

இரண்டாம் உலகப்போர்ச் சோவியத் டாங்கியான டி-34/85-ஐ 1/35 அளவில் நான் கட்டிய மாதிரிக்கு வண்ணம் பூசி முடித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பூச்சு காய்ந்த அன்றே எழுதப்படும் மதிப்பீடுகளில் எல்லாப் பொருளும் நன்றாகத்தான் இருக்கும். எந்த வார்னிஷ் மஞ்சளாகும், எந்தப் பொடி உதிரும், எந்தத் தெளிப்புக் கருவியின் ஊசி வளையும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். அதே கருவிகளையும் பெரும்பாலும் அதே வண்ணங்களையும் கொண்டு மேலும் நான்கு டாங்கிகளை முடித்துவிட்ட நிலையில், எவை நீடித்தன, எவை கைவிட்டன என்பதை இங்கே பகிர்கிறேன்.

வண்ணத்துக்கு அடியில் பூசும் பிரைமரிலிருந்து தொடங்குகிறேன். அச்சில் வார்க்கும்போது பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப்பசையைச் சோப்பு நீரில் கழுவிவிட்டு, லாக்கர் வகைச் சாம்பல்நிற பிரைமரை இரண்டு மெல்லிய படலங்களாகத் தெளித்தேன். அது இன்றுவரை ஓரிடத்திலும் உரியவில்லை. மூன்றாவது டாங்கியில், வாசனை குறைவு என்பதற்காக நீர்வழி அக்ரிலிக் பிரைமர் ஒன்றுக்கு மாறினேன். மறைப்பு நாடாவை எடுத்தபோது வண்ணமும் பிரைமரும் சேர்ந்து பாம்புச் சட்டைபோல் கழன்று வந்தன. வாசனைக்கு வழி சாளரமும் கரிம ஆவியையும் துகளையும் வடிக்கும் முகமூடியும்தான் என்ற முடிவுக்கு அன்று வந்தேன். அக்ரிலிக் தெளிக்கும்போதும் அந்த முகமூடியைக் கழற்றுவதில்லை, ஏனெனில் மணம் இல்லாத துகளும் நுரையீரலுக்குள் போகிற துகள்தான்.

காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் என் ஏர்பிரஷ், மேலே கிண்ணம் வைத்த, காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையால் கட்டுப்படுத்தும் இரட்டைச் செயல் வகை, முனைத்துளை 0.3 மி.மீ. இந்த ஆறு ஆண்டுகளில் ஊசியை இருமுறையும் முனையை ஒருமுறையும் மாற்றியிருக்கிறேன். மூன்றுக்கும் காரணம் தேய்மானம் அன்று, கழுவும்போது காட்டிய அவசரம். லாக்கர் தின்னரைத் தொடர்ந்து பயன்படுத்தியதால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஊதிப்போய் விசை இறுகியது. டெஃப்லான் வளையம் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. கம்ப்ரசரைப் பொறுத்தவரை, காற்றுச் சேமிப்புக் கலன் உள்ளதையே வாங்க வேண்டும் என்பேன். கலன் இல்லாத சிறு கம்ப்ரசரில் காற்று துடித்துத் துடித்து வருவதால், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மெல்லிய கோடு போட முயலும்போது அது புள்ளிக் கோடாகிவிடுகிறது. ஈரப்பிடிப்பான் இல்லாமல் வேலை செய்த ஒரு நாளில், சுழல்கோபுரத்தின் நடுவில் ஒரு சொட்டு நீர் தெறித்து அரைநாள் வேலையைக் கெடுத்தது.

சோவியத் டாங்கிகளின் 4பிஓ பச்சைக்கு, டமியாவின் எக்ஸ்எஃப்-61 கரும்பச்சையில் எக்ஸ்எஃப்-60 கருமஞ்சளைக் கலந்து, லாக்கர் தின்னரில் பாலைப்போல் நீர்க்கவைத்துத் தெளித்தேன். இந்த அக்ரிலிக்கை அதற்கென்றே வரும் எக்ஸ்-20ஏ தின்னரிலும் கரைக்கலாம். ஆனால் லாக்கர் தின்னரில் கரைத்தால் அது பிரைமரை இறுகப் பிடித்துக்கொள்கிறது, படலமும் மெலிதாக அமைகிறது. படலம் மெலிதாக இருப்பது இந்த அளவில் மிக முக்கியம்: மாதிரியின் மேல் 0.1 மி.மீ. தடிப்பில் நிற்கும் வண்ணம், உண்மையான டாங்கியில் 3.5 மி.மீ. தடிப்புக்குச் சமம். அப்படிப் பூசினால் போல்ட் தலைகள் எல்லாம் மெழுகில் முக்கியெடுத்தவைபோல் மழுங்கிவிடும்.

இந்த டாங்கியில் எனக்கு இன்றுவரை இருக்கும் பெரிய மனக்குறை அடிவண்ணத்தின் அடர்த்திதான். தெளித்த அன்று பச்சை மிகச் சரியாக இருந்தது. அதன்மேல் ஃபில்டர் (நிறத்தைச் சற்றே மாற்றும் மெல்லிய பூச்சு), வாஷ் (இடுக்குகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்), எண்ணெய் வண்ணம், மங்கல் வார்னிஷ் என்று ஒவ்வொன்றாக ஏறியபோது ஒவ்வொரு படலமும் நிறத்தைச் சிறிது இருட்டாக்கியது. வேலை விளக்கின் கீழ் அது கண்ணுக்குத் தெரியவில்லை. அலமாரியில் வைத்து அறை விளக்கில் பார்த்தால் அது பச்சை டாங்கியாக இல்லை, கறுப்பு டாங்கியாக இருக்கிறது. அடுத்து வந்த நான்கிலும் அடிவண்ணத்தை, பார்த்தால் தவறு என்று தோன்றும் அளவுக்கு வெளுக்கவைத்தே தொடங்கினேன்; முடிவில் அவையே சரியாக அமைந்தன.

சிப்பிங், அதாவது வண்ணம் பெயர்ந்த தோற்றத்தை உண்டாக்குவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் தவறியதும் அதிகம் கற்றதும் அங்கேதான். நுரைப்பஞ்சுத் துண்டில் கரும்பழுப்பு வண்ணம் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்து, விளிம்புகளில் தட்டும் முறை மிகவும் எளிது. எளிது என்பதாலேயே கை நிற்காது. மாதிரியின் மேல் 1 மி.மீ. அகலத்தில் விழும் புள்ளி, உண்மையில் 35 மி.மீ. அகலமுள்ள காயம். முன்தகடு முழுவதும் அத்தகைய காயங்களை நான் இறைத்திருக்கிறேன். இன்று பார்க்கும்போது அது போரில் அடிபட்ட வண்டியாகத் தெரியவில்லை, அம்மை கண்ட வண்டியாகத் தெரிகிறது. இப்போது மூன்று சுழியம் அளவுள்ள தூரிகையின் நுனியால், வீரர்கள் ஏறி இறங்கும் இடம், கதவு விளிம்பு, கருவிப் பெட்டியின் மூலை ஆகியவற்றில் மட்டும் இடுகிறேன்.

துருவிலும் இதே கணக்கு உண்டு. டி-34/85 உற்பத்தி தொடங்கியது 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதத்தில். அந்தப் போரில் ஓடிய வண்டிகளில் மிகப் பழையதற்குக்கூட வயது ஒன்றரை ஆண்டைத் தாண்டாது. தடித்த கவச எஃகில் செம்மஞ்சள் துரு வழிந்தோட அந்தக் காலம் போதாது. வண்ணம் பெயர்ந்த இடம் கரும்பழுப்பாக இருந்தாலே போதும். பின்புறத்துப் புகைக்குழாய்கள் மட்டும் விதிவிலக்கு. வெப்பத்தில் வண்ணம் கருகிவிடுவதால் அங்கே துரு விரைவில் வரும். அதன் சுற்றிலும் டீசல் கரி படியும். உடலின் பக்கங்களில் தொங்கும் உருளை எரிபொருள் கலன்களின் கீழே, எண்ணெய் வண்ணத்தோடு சிறிது பளபளப்பு வார்னிஷ் கலந்து இட்ட டீசல் கசிவுக் கறை, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஈரமாகவே தெரிகிறது. இந்த வண்டியில் எனக்கு முழு நிறைவு தரும் இடம் அதுதான்.

எண்ணெய் வண்ணங்களே என் பரிந்துரைகளில் முதலிடம் பெறுபவை. குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை அட்டைத்துண்டின் மேல் சில மணிநேரம் வைத்தால் ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அது மினுமினுப்பின்றிக் காயும். மணமற்ற ஒயிட் ஸ்பிரிட் கரைப்பானில் நனைத்த தட்டைத் தூரிகையால், பக்கத் தகடுகளில் வைத்த புள்ளிகளை மேலிருந்து கீழாக இழுத்தால் மழைநீர் வடிந்த தடம் கிடைக்கிறது. பிடிக்காவிட்டால் அரைமணி நேரம் கழித்தும் துடைத்துவிடலாம். தயங்கும் கைக்கு அந்த அவகாசம் பெரிய உதவி. வெள்ளை, மஞ்சட்காவி, எரிந்த அம்பர் (கரும்பழுப்பு) ஆகிய மூன்று குழாய்களும் ஐந்து டாங்கிகளுக்குப் பிறகும் பாதிகூடத் தீரவில்லை. அதே காலத்தில் வாங்கிய ஆயத்த எனாமல் வாஷ் புட்டிகளில் பல அடியில் கட்டியாகிக் காய்ந்துவிட்டன.

எனாமல் வாஷில் ஓர் அபாயமும் உண்டு. நான்காவது டாங்கியில், சக்கரத்தைத் தாங்கும் கரங்களின் உட்புறம் வண்ணம் படாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. அங்கே தாராளமாக விட்ட வாஷின் தின்னர் இழுவிசை தாங்கி நின்ற இணைப்புக்குள் ஊறி, மறுநாள் காலையில் இரண்டு கரங்கள் விரிந்து உடைந்திருந்தன. அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பிரைமர் பூசுகிறேன். வாஷை ஊற்றாமல், தகடுகள் கூடும் கோட்டிலும் போல்ட்டின் அடியிலும் மட்டும் நுனித் தூரிகையால் தொட்டுவைக்கிறேன்.

இரண்டாவது டாங்கிக்குப் பனிக்கால வெள்ளைப் பூச்சு போட்டேன். பச்சையின் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன்மேல் வெள்ளை அக்ரிலிக், பிறகு நீர் தொட்ட தூரிகையால் தேய்த்துக் கழற்றுவது என்பது பலரும் அறிந்த முறை. படைகள் பூசிய வெள்ளையும் கழுவினால் போகும் தற்காலிகப் பூச்சுத்தான் என்பதால், முறையும் பொருளும் இங்கே ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வெள்ளை பூசிய அன்றே தேய்த்துவிட வேண்டும். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்ட இடது பக்கத்தில் அது இறுகிக்கொண்டு, தேய்த்தபோது பச்சையையும் சேர்த்து எடுத்தது. வார்னிஷ் போட்டு மூடாமல் விட்ட சில இடங்களில் மூன்றாம் ஆண்டில் வெள்ளை செதில் செதிலாக எழும்பியதையும் குறிப்பிட வேண்டும்.

டீக்காலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம்) முன் பளபளப்பு வார்னிஷ், பின் மங்கல் வார்னிஷ் என்ற வரிசையை மீறாதவரை வெள்ளிபோல் மினுங்கும் காற்றுப்படலம் எங்கும் வரவில்லை. மங்கல் வார்னிஷ்தான் காலத்தால் சோதிக்கப்பட்டது. 1945 ஏப்ரலில் பெர்லினை நோக்கிச் சென்ற சோவியத் டாங்கிகளுக்கு, நேசநாட்டு விமானங்கள் அடையாளம் காண்பதற்காகச் சுழல்கோபுரத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இட்டார்கள். என் டாங்கியிலும் அந்தப் பட்டை உண்டு. தெளிப்புக் குப்பியில் வந்த ஒரு வார்னிஷ், பச்சையில் எந்த மாற்றமும் காட்டாமல், அந்த வெள்ளையை மட்டும் நான்காம் ஆண்டுக்குள் தந்தநிறமாக்கியது. ஏர்பிரஷில் தெளித்த அக்ரிலிக் மங்கல் வார்னிஷ் மற்ற டாங்கிகளில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. ஈரக்காற்று மிகுந்த நாளில் எந்த மங்கல் வார்னிஷையும் தெளிக்க வேண்டாம், வெண்புகைபோல் பூத்துவிடும்.

நிறமிப் பொடிகளைப் பற்றிய என் மதிப்பு காலப்போக்கில் குறைந்துவிட்டது. உலர்வாகத் தூவிய பொடி படத்தில் அழகாக இருக்கும். தொட்டால் விரல்ரேகை பதியும். ஒட்டுதிரவம் விட்டால் அதன் நிறமே மாறிவிடும். இன்றும் உதிராமல் இருப்பது, பொடியை அக்ரிலிக் பசையோடும் சிறிது ஜிப்சத்தோடும் குழைத்துச் சக்கரங்களுக்கு இடையில் அப்பிய சேறு மட்டுமே. மேல்தகட்டின் புழுதிக்கு இப்போது வெளிறிய மணல்நிற அக்ரிலிக்கை மிக நீர்க்கவைத்து ஏர்பிரஷில் தெளித்துவிடுகிறேன். வீட்டுத் தூசி தானாகவே வந்து அந்த வேலையைச் செய்யும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதில் நூலிழையும் முடியும் கலந்திருப்பதால், டாங்கியின் மேல் வடக்கயிறு கிடப்பதுபோல் தெரிகிறது. மென்மையான ஒப்பனைத் தூரிகையால் துடைத்தாலும் மங்கல் பரப்பு தூசியை முழுதாக விடுவதில்லை. கண்ணாடிப் பெட்டியை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

சங்கிலிப்பட்டைதான் இப்போது என் மேசையின் மேல் இருக்கும் வேலை. பெட்டியோடு வந்த மெத்தென்ற வினைல் பட்டையில் பூசிய வண்ணம், வளையும் இடங்களில் வெடித்துவிட்டது. அதைவிட மோசமாக, வினைலிலிருந்து கசிந்த நெகிழ்விப்பான், வண்ணம் மெலிந்த ஒரு சக்கரத்தின் விளிம்பை உருக்கிக் குழியாக்கியிருக்கிறது. எனவே தனித்தனி இணைப்புகளால் ஆன பட்டைக்கு மாறுகிறேன். டி-34-இல் ஓட்டுச்சக்கரத்தின் உருளைகள் பட்டையின் உட்பக்கக் கொம்புகளைப் பற்றித்தான் இழுக்கின்றன. ஆகவே கொம்புகளின் பக்கவாட்டிலும், சக்கரம் உருளும் உட்தடத்திலும், தரையைத் தொடும் மேடுகளிலும் மட்டும் மாங்கனீசு எஃகு தேய்ந்து மின்ன வேண்டும். கரும்பழுப்பு அடிவண்ணத்தின் மேல் மென்மையான பென்சில் கரியை விரல்நுனியால் தேய்த்தால் அந்த மினுக்கம் வந்துவிடுகிறது. கொம்புள்ளதும் இல்லாததுமாக மாறிமாறி வரும் இணைப்புகளில் இடப்பக்கம் முடிந்திருக்கிறது. வலப்பக்கத்தில் இன்னும் பாதி மீதமிருக்கிறது.