ஃப்ளூரோகார்பன் என்ற பெயரில் நைலான்: யூகலேலே ஸ்ட்ரிங் வாங்குவோர் கவனத்துக்கு

"ஒரிஜினல் ஃப்ளூரோகார்பன், நெடுநாள் உழைக்கும், சோப்ரானோ, கான்செர்ட் இரண்டுக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் விற்ற ஒரு யூகலேலே (கிட்டார் போன்ற நான்கு தந்திச் சிறு வாத்தியம்) ஸ்ட்ரிங் செட்டைப் பற்றிய எச்சரிக்கை இது. சோப்ரானோ, கான்செர்ட் என்பவை யூகலேலேயின் இரண்டு அளவுகள். உள்ளே வந்தது சாதாரண நைலான். மாட்டிய சில நாளிலேயே ஏ ஸ்ட்ரிங் அறுந்தது. கேட்டதற்கு, "அதிகமாக முறுக்கிவிட்டீர்கள், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். அந்தப் பதிலின் இரண்டு பாதியும் தவறு.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஃப்ளூரோகார்பன், மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் அதே வகை நரம்பு. ஒரு கன செ.மீ. சுமார் 1.78 கிராம் எடை. நைலான் 1.1 கிராம் அளவில்தான் இருக்கும். அதனால் ஒரே சுருதிக்கு, ஒரே இழுவிசைக்கு, நைலான் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல் தடிமனாக இருந்தாக வேண்டும். சோப்ரானோவில் ஏ (440 ஹெர்ட்ஸ்) தந்திக்கு 0.52 மி.மீ. ஃப்ளூரோகார்பன் போதும், அது சுமார் மூன்றரை கிலோ இழுக்கும். அதே இழுவிசைக்கு நைலான் 0.65 மி.மீ. வேண்டும். இந்த செட்டின் ஏ ஸ்ட்ரிங்கை மைக்ரோமீட்டரில் அளந்தபோது ஓரிடத்தில் 0.64, இன்னோரிடத்தில் 0.70. தடிமனைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும். ஒரே தந்தியில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் அது எந்தப் பொருளானாலும் வாசிக்க லாயக்கில்லை. திறந்த தந்தி சுருதியில் நிற்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) அழுத்தினால் விலகும். நல்ல ஸ்ட்ரிங்கில் ஐந்தாறு இடங்களில் அளந்தாலும் 0.01, மிஞ்சினால் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வராது.

மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்குச் சமையலறை உப்பு போதும். 100 மி.லி. வெந்நீரில் 36 கிராம் தூள் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.2க்குப் பக்கத்தில் இருக்கும். கட்டியபின் நறுக்கிப் போடும் வால் துண்டில் ஒரு செ.மீ. எடுத்து, சோப்பு நீரில் தேய்த்துக் காற்றுக் குமிழிகளைப் போக்கிவிட்டு, கரைசலுக்குள் அமிழ்த்தி விடுங்கள். நைலான் மேலே மிதந்து வரும். ஃப்ளூரோகார்பன் நேராக அடிக்குப் போகும். இத்தாலியின் அக்விலா நிறுவனம், பழைய குடல் நரம்புத் தந்தியின் அடர்த்தியை ஒட்டிச் செய்யும் நைல்கட் என்ற செயற்கைத் தந்தியும் (சுமார் 1.3) மூழ்கும். வெறும் தண்ணீரில் சோதிப்பதில் பயனில்லை, அதில் நைலானும் மூழ்கிவிடும். சுற்றுக் கம்பி போட்ட ஸ்ட்ரிங்குக்கும் இந்தச் சோதனை ஒத்துவராது.

கொளுத்திப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃப்ளூரோகார்பன் எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வரும்; நுரையீரலுக்கு அது மிகக் கெடுதல்.

அடுத்து, "அதிகமாக முறுக்கிவிட்டீர்கள்." அறுந்த இடத்தைப் பார்த்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். அளவுக்கு மீறி முறுக்கினால் தந்தி பெரும்பாலும் வளைகிற இடத்தில், அதாவது பெக் (முறுக்கும் திருகு), நட் (கழுத்தின் மேல்முனையில் தந்தி உட்காரும் காடிகள் உள்ள துண்டு), சேடில் (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜின் மேல் தந்தி படியும் துண்டு) பக்கம் போகும். பெக் துளையில் அறுந்தால் துளையின் விளிம்பில் பிசிறு இருக்கிறது. நட்டில் அறுந்தால் காடி கூர்மையாகவோ குறுகலாகவோ இருக்கிறது. 600ஆம் எண் உப்புத்தாளை மடித்து மெல்ல இழுத்துவிட்டு, 2பி பென்சிலால் காடியில் கோடு போட்டால் போதும். சேடிலில் அறுந்தால் அதன் மேல்விளிம்பை வழவழப்பாக்க வேண்டும். எதையும் தொடாத நடுப்பகுதியில், ஃப்ரெட் பட்ட தழும்பும் இல்லாமல் அறுந்தால் ஸ்ட்ரிங்கிலேயே கோளாறு. இந்த ஏ ஸ்ட்ரிங் அறுந்தது சவுண்ட் ஹோலுக்கு நேர் மேலே, மெலிந்த இடத்தில்.

அறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதிலும் ஏமாற்று நடக்கிறது. லோ-ஜி (ஜி தந்தி ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்) செட்டை ஹை-ஜி என்று அனுப்பிவிடுகிறார்கள். லோ-ஜி 196 ஹெர்ட்ஸுக்கானது. அதை 392க்கு ஏற்ற முயன்றால் இழுவிசை நான்கு மடங்காகும். அறும், அல்லது பிரிட்ஜையே பெயர்க்கும். ஜி ஸ்ட்ரிங் சி-யை விடத் தடிமனாகவோ, வெள்ளிநிறச் சுற்றோடோ இருந்தால் பெக்கைத் தொடுவதற்கு முன் நிறுத்துங்கள். பாரிடோன் என்ற பெரிய யூகலேலேயின் செட்டும் இப்படி மாறி வரும். அது டி-ஜி-பி-இ சுருதிக்கானது.

இந்த விற்பனையாளர் மாற்றாகச் சொன்ன யோசனைதான் மிக ஆபத்தானது: "உழைக்க வேண்டுமானால் ஸ்டீல் போடுங்கள்." கிட்டாரின் முதல் கம்பி, 0.30 மி.மீ. ஸ்டீல், சோப்ரானோவில் ஏ சுருதிக்கு வந்தால் ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்கும். நான்கு தந்தியிலும் இப்படிக் கூடினால், நைலானை நம்பிச் செய்த மெல்லிய மேல்பலகை தாங்காது. பலகை புடைக்கும், பசையோடு பிரிட்ஜ் எழும்பும், பிளாஸ்டிக் நட்டில் கம்பி அறுத்துக்கொண்டே இறங்கும்.

உண்மையில் உழைப்பது எது? கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சுத்த ஃப்ளூரோகார்பன்தான் எங்கள் தேர்வு. அது ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். நைலான் உறிஞ்சும், அதனால் சுருதி அலையும். லோ-ஜி வேண்டுமென்றால் சுற்றில்லாத ஃப்ளூரோகார்பன் லோ-ஜி வாங்குங்கள். சுற்றுக் கம்பி ஃப்ரெட் மேல் தேய்ந்து முதலில் பிரியும். புது ஸ்ட்ரிங் ஒரு வாரம்வரை இளகிக்கொண்டே இருப்பது இயல்பு, அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஃப்ரெட் படும் அடிப்பக்கத்தை விரல் நகத்தால் தடவி, பள்ளம் தட்டினால் மாற்றுங்கள்.

பாக்கெட்டைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அறுந்த துண்டுகள், உப்புநீர்ச் சோதனையின் படம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பாக்கெட் பிரித்தாயிற்று என்பது அதற்குச் சாக்கு ஆகாது. விற்றவர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். ஆர்டர் எண்ணும் பில்லும் கையில் இருக்கட்டும்.