புல்வெட்டும் வண்டி இழுக்கவில்லையா: எரிபொருள், பொறி, அமுக்கம் – எதைச் சந்தேகிப்பது?

ஏறி ஓட்டும் புல்வெட்டும் வண்டியின் இழுவை குறைந்தால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். பல நேரங்களில் அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் எரிபொருள் பற்றாக்குறை, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியில் (ஸ்பார்க்) கோளாறு, சிலிண்டரின் அமுக்கக் (கம்ப்ரஷன்) கசிவு ஆகிய மூன்றுமே ஓட்டுபவருக்கு ஒரே திணறலாகத்தான் தெரியும் என்பதால், அந்தத் திணறல் எப்போது வருகிறது, என்ன செய்தால் விலகுகிறது என்பதைப் பார்க்காமல் பாகம் வாங்குவது வீண் செலவு.

அதற்கும் முன்னால் பிளேடை நிறுத்திவிட்டு முழு த்ராட்டிலில் வண்டியை ஓட்டிப் பாருங்கள். அப்போது சீராக ஓடி, பிளேடைச் சேர்த்தவுடன் படுத்துவிட்டால், பிளேடை மூடியிருக்கும் தட்டின் அடியில் ஈரப்புல் அப்பியிருக்கிறதா, பிளேடு தாங்கும் பேரிங் இறுகியிருக்கிறதா என்று இன்ஜினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகு பார்க்க வேண்டும். தட்டில் குறையில்லை என்றால்தான் இன்ஜினுக்கு வர வேண்டும்; சுமையில்லாமல் நன்றாக ஓடுவது இன்ஜின் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

எரிபொருளைச் சோதிக்க, கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைக்கும் சோக் போதும். சுமையில் திணறும்போது சோக்கைப் பாதி இழுத்தால் இழுவை கூடுகிறதென்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று புகலாம். சோக்கை இழுத்ததும் கரும்புகையோடு இன்னும் மோசமானால் நிலைமை நேர்மாறு. ஏர் ஃபில்டர் அடைப்பையோ, முழுதும் திறக்காத சோக்கையோ பார்க்க வேண்டும். பெட்ரோலும் நாள்பட்டால் கெடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்ததை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றிச் சோதிப்பதே நல்லது.

குழப்பம் அதிகம் வருவது இருபது, முப்பது நிமிடம் நன்றாக ஓடிய பிறகு நின்றுவிடும் வண்டிகளில்தான். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்தாலும் இப்படி நிற்கும். சூடேறிய இக்னிஷன் காயில் பொறி தராமல் போனாலும் இப்படித்தான் நிற்கும். மூடி அடைத்திருந்தால் வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்கும். மூடியைத் தளர்த்தும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்கும், சற்று நேரத்தில் இன்ஜின் மீண்டும் ஓடத் தொடங்கும். காயில் பழுதானால் பெரும்பாலும் பட்டென்று அறுந்ததுபோல் நிற்கும், ஆறும்வரை மூடியை என்ன செய்தாலும் பயனில்லை. ஆகவே ஸ்பார்க் டெஸ்டரைக் கையோடு வைத்திருந்து, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைப் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் காயில் நல்லதாகவே தெரியும். மேடுபள்ளத்தில் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் காயிலைவிட, ஓட்டுபவர் எழுந்தால் இன்ஜினை நிறுத்த இருக்கைக்கு அடியில் வைத்திருக்கும் சுவிட்சையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

மூன்றாவதான அமுக்கக் கசிவுக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். என் வண்டி சூடானதும் இழுவை குறைந்தபோது நானும் காயிலைத்தான் மாற்றினேன். மாற்றியும் அதே திணறல். பிறகு குளிர்ந்த இன்ஜினில் வால்வு மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் வால்வில் 0.05 மி.மீ. தகடுகூடப் போகவில்லை. மூடும்போது வால்வு அமரும் வளையம் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு மேலெழுந்து இடைவெளியைத் தின்றுவிடுகிறது. சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதும் மூடாமல் அமுக்கம் கசிகிறது. பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில் இந்த இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ. வரையில்தான் இருக்கும் என்றாலும், சரியான அளவை அந்த மாடலின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். இடைவெளி அளவுக்கு மேல் கூடினால் அடையாளம் வேறு: தொடக்கத்தில் அமுக்கத்தைத் தளர்த்தும் அமைப்பு வேலை செய்யாமல் ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதே அமைப்பினால்தான் சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் இங்கே குறைவான அளவைக் காட்டி ஏமாற்றுகிறது. சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவைக் கேட்கும் சோதனையை நம்பலாம்: சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட்.

இரட்டைச் சிலிண்டர் வண்டியில் வேலை எளிது, ஏனென்றால் ஒப்பிட இன்னொரு சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று செத்துவிட்டால் மற்றொன்றே இழுத்துக்கொண்டு போகும். செத்த பக்கத்துச் சைலன்சர் குழாய் தொடக்கத்தில் தெளிவாகக் குளிர்ந்திருப்பதை வெப்பமானியால் தொடாமலே அளக்கலாம். பிறகு இன்ஜினை அணைத்து ஆறவிட்டு இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. பழைய பக்கத்திலேயே நின்றால் அந்தப் பக்கத்துக் காயிலையும் வால்வையும் பாருங்கள்.