ஆப்பா, எட்டு வார வகுப்பா, கதவுக் கைப்பிடியா?

மூன்றையும் பார்த்தாயிற்று. தியான ஆப் ஏழு மாதம், எட்டு வார வகுப்பு ஒரு முறை முழுசாக, அதன் பிறகு இரண்டு வருடமாக அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே, கதவுக் கைப்பிடியைத் தொடும்போது மூச்சைக் கவனிக்கும் பழக்கம். மூன்றுக்கும் பொதுப்பெயர் மைண்ட்ஃபுல்னெஸ்தான், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனத்தோடு உணர்வது. என் சாய்வு மூன்றாவதன் பக்கம். முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் வம்பில்லை.

எனக்கு இருந்தது நோய் இல்லை. வேலைக் கெடு, வீட்டில் சின்னச் சின்ன உரசல், படுக்கப் போகும் நேரத்தில் வரும் அலுவலக மெசேஜ், அதற்குப் பதில் எழுதி அழித்து மறுபடி எழுதுவது. இந்த ரகத்துக்கு எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்ஸ்பேஸ், காம் என்று பெயர்பெற்றவை இருக்கின்றன. பத்து நிமிடம், காதில் ஒரு குரல், கண்ணை மூடிக்கொண்டால் போதும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அந்தக் குரல் பெரிய துணை. எனக்கு 41 நாள் ஸ்ட்ரீக், அதாவது ஒரு நாளும் விடாமல் செய்த கணக்கு, இருந்தது. 42ஆம் நாள் காய்ச்சல். மறுநாள் திறந்தால் திரையில் பூஜ்யம். மன அழுத்தத்தைக் குறைக்க வந்த இடத்தில் பரீட்சையில் கோட்டை விட்ட மாதிரி ஓர் எரிச்சல். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போதாக்குறைக்கு ஆப்பைத் திறக்கக் கைப்பேசியை எடுத்தாக வேண்டும், எடுத்தால் மேலேயே நிற்கும் அதே அலுவலக மெசேஜ். என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள் போல. மனநல ஆப்கள் 93ஐ ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுவிய முப்பதாவது நாளிலும் பயன்படுத்தியவர்களின் விகிதம் நடுமதிப்பாக 3.3 சதவீதம்தான்.

வகுப்பு வேறு தரம். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எம்பிஎஸ்ஆர் (மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தம் குறைத்தல்) என்ற பயிற்சி அது. எட்டு வாரம், வாரம் ஒரு நீண்ட அமர்வு, நடுவில் ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். பதற்றக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த ஒரு சோதனை 2022இல் வெளியானது. பதற்றத்துக்குத் தரப்படும் எசிட்டலோப்ராம் மாத்திரைக்கு இது சளைத்ததில்லை என்றது. ஆனால் 47 சோதனைகளை அலசி 2014இல் வந்த தொகுப்பாய்வைப் பார்த்தால் கொஞ்சம் அடங்கிப்போவோம். தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு இரண்டிலும் உதவுவதற்கு ஓரளவு நல்ல சான்று. மன அழுத்தத்தைக் குறைப்பதற்கான சான்று பலவீனம். நாம் தேடி வந்தது என்னவோ அந்த மன அழுத்தக் குறைப்பைத்தான்.

வகுப்பு நடக்கும்வரை நன்றாகவே போனது. ‘இந்த வாரம் எப்படி இருந்தது?’ என்று ஆசிரியர் கேட்பார், அதற்காகவாவது உட்காருவோம். ஒன்பதாவது வாரம் கேட்க ஆள் இல்லை. முக்கால் மணி நேரம்தான் அளவு என்று மனதில் பதிந்துவிட்டதால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஏமாற்றுவது போல இருந்தது. ஆகவே அதுவும் போயிற்று.

என் தீர்ப்பு இங்கேதான் நிற்கிறது. விட்டுப்போவது நிச்சயம், விட்ட பிறகு திரும்பப் பிடிப்பது எதில் சுலபம்? மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லுக்கு மூலம் பாலி மொழியின் ‘சதி’. நம் காதில் அது வேறு மாதிரி விழுந்தாலும், பொருள் நினைவில் வைத்திருத்தல். உட்காருவது கஷ்டமே இல்லை. ஞாபகம் வருவதுதான் கஷ்டம். அந்த ஞாபகத்தை ஆப்பில் ஓர் அறிவிப்பு தந்தது, வகுப்பில் ஆசிரியர் தந்தார். இரண்டும் வெளியாட்கள், ஒரு நாள் நின்றுபோகும்.

கதவு நிற்காது. கைப்பிடியில் கை படும், உலோகத்தின் குளிர்ச்சி தெரியும். அந்த நொடி பார்த்தால் தாடை இறுகியிருக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும், தோள் காதுவரை ஏறியிருக்கும். தோளை இறக்கி, மூச்சை நீளமாக ஒருமுறை விட்டுவிட்டுத் திறக்கிறேன். பத்து நொடி. கோபம் போய்விடாது. கோபத்தோடு உள்ளே போகிறோம் என்று தெரிந்து போகிறேன், அவ்வளவுதான். அந்தத் தெரிதலால் அனுப்பாமல் விட்ட பதில்கள் எத்தனையோ. காலையில் மறந்தால் மாலையில் இன்னொரு கதவு. கைப்பிடி ஸ்ட்ரீக் கணக்கு வைப்பதில்லை.

இதற்கும் பராமரிப்பு உண்டு. மூன்று வாரத்தில் கை தானாகக் கதவைத் திறக்க ஆரம்பித்துவிடும், கவனம் எங்கோ இருக்கும். அப்போது கொக்கியை மாற்ற வேண்டும்: கை கழுவும் குழாய், மாடிப்படியின் முதல் படி. ஒரு நாளில் ஆறேழு தடவை வருவதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மெசேஜ் ஒலிக்கும்போதெல்லாம் மூச்சைக் கவனிப்பது என்று ஒரு வாரம் இருந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் மூச்சின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. தாடை இறுகுவதை எனக்குக் காட்டிக்கொடுத்தது வகுப்பின் பாடி ஸ்கேன், அதாவது உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி, அதுவும் இரண்டாவது வாரம் தரையில் மல்லாந்து கிடந்தபோது. அந்த எட்டு வாரம் இல்லாமல் நேரே கதவுக்கு வந்திருந்தால் இதே பலன் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். பத்து நாள் மௌன முகாம் நான் போனதில்லை, அதனால் அதை ஒப்பிடவில்லை. பழைய மனக்காயங்கள் உள்ள சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு உள்ளங்காலின் அழுத்தத்தையோ சுற்றியுள்ள சத்தத்தையோ கவனிக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, அடிக்கடி பீதி என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள், கதவு காத்திருக்கும்.

ஆப்பை இன்னும் நீக்கவில்லை. தூக்கம் பிடிக்காத இரவுகளில் அதிலுள்ள பாடி ஸ்கேனை மட்டும் போட்டுக்கொள்கிறேன். கால்விரலில் ஆரம்பிக்கும் குரல், பெரும்பாலும் முழங்காலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.