போஸ்ச்சர் பெல்ட்: தோளை இழுக்கும், முதுகைத் தாங்காது

உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கெனக் 'கூனைச் சரிசெய்யும்' என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் எலாஸ்டிக் பெல்ட்டுகளில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையைச் சில வாரங்கள் அணிந்து பார்த்திருக்கிறேன். இரு தோள்களையும் சுற்றி, முதுகில் குறுக்காகப் பின்னி, வயிற்றின் மேல் வெல்க்ரோவால் ஒட்டும் அமைப்பு இது. தையல் உறுதியாக இருக்கிறது. அக்குளருகே உள்ள மெத்தை மட்டும் மிக மெல்லியது. கையை முன்னே நீட்டித் தட்டச்சு செய்யும்போது பட்டையின் ஓரம் தோலை அறுக்கிறது.

பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்தால் விஷயம் விளங்கும். தோள்கள் பின்னால் போகின்றன, உண்மைதான். ஆனால் கீழ் விலா எலும்புகள் முன்னே துருத்துகின்றன, இடுப்பு முன்பக்கமாகச் சாய்ந்து கீழ்முதுகின் வளைவு ஆழமாகிறது, தலையோ முன்பு நீட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே இருக்கிறது. சீராக நிற்கும் உடலின் பக்கத்தில் தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டால் அது காது, தோள்மூட்டு, இடுப்புமூட்டு ஆகியவற்றை ஒட்டி இறங்கி, முழங்கால் மூட்டுக்கும் கணுக்காலுக்கும் சற்று முன்னே விழ வேண்டும். பெல்ட் அந்த வரிசையில் ஓர் இடத்தை மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. மற்ற இடங்கள் அதை ஈடுகட்ட நகர்ந்துவிடுகின்றன.

முதுகெலும்பு வெறும் தூண் அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என 24 அசையும் எலும்புகள் மாறிமாறி வளைந்து நிற்கின்றன. அவற்றைத் தாங்க எலும்பும் தசைநாரும் மட்டும் போதா; தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புக் கட்டுப்பாடும் சேர்ந்தே முதுகை நிலைப்படுத்துகின்றன என்பதை முதுகெலும்பு இயக்கவியல் ஆய்வாளர் மனோகர் பஞ்சாபி 1992இல் தெளிவாக வகுத்துக் காட்டினார். மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கவாட்டிலும் குறுக்கு வயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை என்று நான்கும் ஒன்றாக இறுகும்போது வயிற்றறையின் உள்ளழுத்தம் கூடி, கீழ்முதுகுக்கு உள்ளிருந்தே முட்டுக் கிடைக்கிறது. இயன்முறை மருத்துவ ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுவலி இல்லாதவர்கள் கையைத் தூக்கும்போது தோள்தசைக்கு முன்னரே குறுக்கு வயிற்றுத் தசை இயங்கியது. முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதித்தது. இந்த நேர ஒழுங்கை வெளியிலிருந்து இழுக்கும் எந்தப் பட்டையும் கற்றுத்தராது. அதனால்தான் நாள் முழுவதும் அணியுங்கள் என்ற அட்டைப்பெட்டி அறிவுரையை நான் ஏற்கவில்லை.

ஆனாலும் இதை முற்றிலும் ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். குனியத் தொடங்கும்போது பட்டை இழுத்து உணர்த்துகிறது. அந்த நினைவூட்டலுக்காகச் சிறிது நேரம் அணிந்து, கழற்றியபின் கையையும் முழங்காலையும் ஊன்றி எதிரெதிர்க் கைகாலை நீட்டும் பயிற்சியையும், முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலை நேராகத் தூக்கி நிறுத்தும் பக்கவாட்டு பிளாங்க்கையும் மூச்சை அடக்காமல் செய்தால் வாங்கிய பொருளுக்குப் பயன் உண்டு. பயிற்சி செய்ய எண்ணமில்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

அட்டைப்பெட்டியில் ஸ்கோலியோசிஸுக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. முதுகெலும்பு பக்கவாட்டில் 10 பாகையோ அதற்கு மேலோ வளைந்து திருகியிருக்கும் அந்த நிலைக்கு, எக்ஸ்ரேயில் கோணத்தை அளந்து, தேவையானால் மருத்துவர் பரிந்துரைக்கும் பிரேஸ் என்ற உறுதியான தாங்கி வேறு, இந்த எலாஸ்டிக் துணி வேறு. வளரும் பிள்ளைக்கு இதை மாட்டிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், சிகிச்சைக்கு உகந்த வளர்ச்சிக் காலத்தை இழக்க நேரிடும்.