ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த எடிட்டிங் கம்ப்யூட்டர்

கல்யாண போட்டோ எடிட்டிங்குக்காக சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ரைசன் 7 7700 பிராசஸர், 32 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கடைக்காரர் இதைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டை என் தலையில் கட்டத்தான் பார்த்தார், "அண்ணே, நான் கேம் ஆடலை, லைட்ரூம்ல போட்டோ எடிட்டிங்தான்" என்று இரண்டு தடவை சொன்னபிறகே வழிக்கு வந்தார். மிச்சப் பணத்தில் நிறங்களைச் சரியாகக் காட்டும் நல்ல ஐபிஎஸ் மானிட்டர் வாங்கினேன். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு ஆல்பத்தில் வேறு நிறமாக வந்து திட்டு வாங்கியவர்களுக்கு அந்தச் செலவின் அருமை தெரியும்.

லைட்ரூமில் கார்டு உண்மையிலேயே வேலை செய்வது படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் போடும்போதுதான். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 வரை ஏற்றி எடுத்த, அதனால் புள்ளி விழுந்த படங்களுக்கு என் பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கில் காத்திருந்தேன், இப்போது டீ ஆறுவதற்குள் ஒரு கட்டு முடிந்துவிடுகிறது.

குறை? 6000 வேக ராமுக்குக் காசு வாங்கிவிட்டு பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்போவை, அதாவது ராமை அந்த வேகத்தில் ஓடவைக்கும் வசதியை, ஆன் செய்யாமலே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 4800 என்று காட்டுகிறது. போன் போட்டால், "அதெல்லாம் பெரிசா தெரியாது சார்" என்கிறார். சரி என்று நானே ஆன் செய்துகொண்டேன். மற்றபடி வயரிங் சுத்தம், ஒவ்வொரு பாகத்துக்கும் டப்பாவும் பில்லும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். கேட்காமல் மாட்டிய கலர் லைட் ஃபேனை மட்டும் கழற்றச் சொல்லியிருக்கலாம், ராத்திரி எடிட் செய்யும்போது கண்ணைக் குத்துகிறது.