ஓர்கா: மின்னஞ்சல் தணிக்கைக்கு நல்ல கருவி, டொமைன் வாரிக் கணக்கை மட்டும் தனியே சரிபார்ப்பது நல்லது

மைக்ரோசாப்ட் 365-இன் மின்னஞ்சல் பாதுகாப்பு அமைப்புகளைத் தணிக்கை செய்யும் 'ஓர்கா' என்ற இலவச பவர்ஷெல் தொகுதியை (தட்டச்சுக் கட்டளைகளால் இயங்கும் கருவி), சிங்கப்பூரின் தேக்காவில் இயங்கும் ஒரு வணிக நிறுவனத்துக்காகப் பயன்படுத்தினேன். டாட் எஸ்ஜி, டாட் காம் டாட் எஸ்ஜி என முடியும் பல டொமைன்களில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயர்) அஞ்சல் பெறும் நிறுவனம் அது.

நிறுவியபின் 'கெட்-ஓர்கா-ரிப்போர்ட்' என்ற ஒரே கட்டளை போதும்; எச்டிஎம்எல் அறிக்கை வந்துவிடுகிறது. ஆபத்தான கோப்பு வகைகளைத் தடுக்கும் வடிகட்டி இயங்குகிறதா, பெட்டிக்குள் சேர்ந்த பிறகு தீங்கு நிரல் என்று தெரியவரும் அஞ்சலைத் திரும்ப அகற்றும் 'ஜேப்' வசதி இயக்கத்தில் உள்ளதா என்பவற்றை அது தெளிவாகக் காட்டுகிறது. எந்த அமைப்பையும் மாற்றாது என்பதால் அலுவலக நேரத்திலேயே அச்சமின்றி இயக்கலாம்.

தீங்கு நிரல் பகுதியில் அறிக்கை கொள்கை வாரியாக, அதாவது வடிகட்டியின் ஒவ்வொரு அமைப்புத் தொகுப்பு வாரியாகப் பேசுகிறது; ஒவ்வொரு டொமைனுக்கும் கொள்கை பொருந்துகிறதா என்றும் பார்க்கிறது. நிறுவனத் தலைமை கேட்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். ஆகவே அதற்கான விடையைச் சரிபார்க்க, 'கெட்-அக்செப்டட்-டொமைன்' கட்டளை தரும் டொமைன் பட்டியலை, எந்தக் கொள்கை யாருக்கு என்று சொல்லும் 'கெட்-மால்வேர்-ஃபில்டர்-ரூல்' விதிகளோடு ஒப்பிட்டு அட்டவணையிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைத் தனியே எழுதுவது நல்லது. டொமைன் பெயர் விதியில் இருந்தாலே போதும் என்று அந்த ஸ்கிரிப்ட் முடிவு செய்யக்கூடாது. ஒரே விதியில் டொமைனும் பயனர் குழுவும் சேர்ந்து குறிக்கப்பட்டிருந்தால், இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்துபவருக்கு மட்டுமே அந்த விதி செல்லும். குழுவில் இல்லாத ஊழியர், வேறு விதி எதிலும் வராவிட்டால், ஓசையின்றி இயல்புநிலைக் கொள்கைக்குப் போய்விடுவார். முடக்கப்பட்ட விதிகளையும் விலக்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'ஸ்டாண்டர்ட்', 'ஸ்டிரிக்ட்' என்னும் முன்னமைந்த கொள்கைகளின் விதிகள் வேறு கட்டளையில்தான் கிடைக்கின்றன; அவையே முதலில் செயல்படுவதால் அவற்றை விட்டுவிட்டால் அட்டவணை முழுவதும் தவறாகிவிடும்.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் இணையச் சுகாதாரத் தளத்தில் நம் டொமைனைச் சோதித்துவிட்டோமே, இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தச் சோதனை, அஞ்சல் போலி அனுப்புநரிடமிருந்து வந்ததா என்று அறிய உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் போன்று வெளியிலிருந்து தெரிபவற்றைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் வடிகட்டியை அதனால் பார்க்க இயலாது.

பவர்ஷெல் ஓரளவு தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் ஓர்காவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் 'சைபர் எசென்ஷியல்ஸ்' சான்றிதழுக்கு ஆயத்தமாகும் நிறுவனங்கள், ஓர்கா அறிக்கையோடு டொமைன் அட்டவணையையும் கோப்பில் சேர்த்துவைப்பது நல்லது.