உறைபனியிலிருந்து தளிர் வரை: ரேனாக்ஸ் டிசிஆர்-250

ஊட்டியில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கேமரா சும்மா இருக்கும். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளி விடியற்காலையில் உறைபனி படிந்து, உப்பைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடப்பதும் அந்த மாதத்தில்தான். அதைக் கிட்டப்போய் எடுக்க ஆசை. சின்னதைப் பெரிதாகக் காட்டும் தனி மேக்ரோ லென்ஸுக்குக் கையில் காசில்லை. இருந்த 55-250 மி.மீ. ஜூம் லென்ஸின் முன்னால் மாட்ட ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற இந்தச் சின்ன லென்ஸை வாங்கினேன். இரண்டு பனிக்காலம் புழங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இது 8 டயாப்டர் (லென்ஸின் திறனைச் சொல்லும் அளவு) க்ளோஸ்-அப் லென்ஸ். ஸ்பிரிங் கிளிப்பை இருபுறமும் அழுத்தி வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவு, அதாவது முன்வாய் அகலம், உள்ள லென்ஸ்களுக்குச் சேரும். ஜூமை 250-இல் வைத்தால் இரண்டு மடங்கு உருப்பெருக்கம், அதாவது கேமரா சென்சாரில் விழும் பிம்பம் பொருளின் நிஜ அளவைவிட இரண்டு மடங்கு. என் கேமராவில் 11 மி.மீ. அகலமுள்ள இடமே திரை முழுக்க நிறைந்துவிடும். ஜூமை ரொம்பக் குறைத்தால் மூலைகள் கறுக்கும்.

வீடியோக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஃபோகஸ். லென்ஸின் துவாரத்தை எஃப்11 அளவுக்குச் சுருக்கி வைத்தும் கூர்மையாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. புகைப்படம் என்றால் வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் செய்த பல படங்களை அடுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஓடுகிற காட்சிக்கு அந்த வழி இல்லை. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், ஸ்லைடர் என்ற சின்னத் தண்டவாளத்தில் கேமராவையே மயிரிழை மயிரிழையாக நகர்த்தப் பழகினேன். உறைபனி இதற்குத் துணை நிற்கிறது. காற்று அடங்கிய இரவில்தான் அது விழும் என்பதால், விடிந்ததும் புல் அசையாமல் நிற்கும். வெயில் தொட்டதும் பனி ஊசிகளின் முனை மழுங்கி, கண்ணெதிரே துளியாகத் திரள்வதை ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறேன். ஆனால் லென்ஸுக்கும் புல்லுக்கும் நடுவே அரைச் சாண்தான் இடைவெளி. முதல் நாள் என் மூச்சுப் பட்டே பாதிப் பனி உருகியது. இப்போது மூக்கை மஃப்ளரால் சுற்றிக்கொண்டுதான் குனிகிறேன்.

மாசி பிறந்தால் கதை வேறு. தொட்டபெட்டா சாலையோரம் ரோடோடென்ட்ரான் மரம் பூத்துச் சிவந்து நிற்கும், காற்றும் கிளம்பிவிடும். தாழ்ந்த கிளையாகப் பார்த்து, குடையால் மறைத்து எடுக்க வேண்டும். அந்தப் பாடு வீண்போகாது. இந்தப் பூவின் மகரந்தப்பை மற்ற பூக்களைப்போல நீளவாக்கில் வெடிக்காது. நுனியில் இரண்டு துளைகள் இருக்கும். ஊசியால் தொட்டால் மகரந்தம் பிசின் நூலில் கோத்ததுபோல அவற்றிலிருந்து இழைந்து வரும். இங்கேயே பிறந்து வளர்ந்தும் நாற்பது வயதில்தான் அதைப் பார்த்தேன்.

சோலை மரங்களின் செந்தளிருக்கு ஜூம் 150 போதும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் தெளிவாகத் தெரியும்.

77 மி.மீ. வாயுள்ள பெரிய லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிளிப் சேராது. 55-250 மாதிரி ஜூம் வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், கூடவே ஒரு ஸ்லைடரும்.